ஸ்டென்ட்டா, பைபாஸா? மருந்துக்கடை மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்துக் குழித்துறையில் மருந்துக்கடை வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பக்கம் நெஞ்சுவலி என்றால் வீட்டில் பாதிப்பேர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி என்பார்கள், மீதிப்பேர் திருவனந்தபுரம் என்பார்கள். எங்கே போனாலும் திரும்பி வரும்போது கையில் ஒரு தாள் இருக்கும். அதில் இதயத்தின் படம் அச்சடித்து, குழாய்களின் மேல் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அதை என் மேசைமேல் விரித்து, டாக்டர் மலையாளத்தில் சொன்னது பாதிதான் புரிந்தது, ஆங்கிலத்தில் எழுதியது அதுவும் புரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்பார்கள்.

நான் மருத்துவன் அல்ல, பார்மசி படித்தவன். என் மூத்த அண்ணனுக்கு முதலில் ஸ்டென்ட், ஆறு ஆண்டு கழித்து பைபாஸ் என்று இரண்டுக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்தவன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் உடம்புக்கான முடிவை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்பதற்கு இது உதவும்.

“அண்ணா, ஆஞ்சியோ செய்தாகிவிட்டது. அப்படியென்றால் அடைப்பு போய்விட்டதுதானே?”

பெரும்பாலும் இல்லை. நம் ஊரில் இரண்டு வேறு காரியங்களுக்கு ‘ஆஞ்சியோ’ என்ற ஒரே பெயரை வைத்துவிட்டோம். ஆஞ்சியோகிராம் என்பது வெறும் படம். மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயை விட்டு, மருந்துச்சாயம் செலுத்தி, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் எங்கே சுருக்கம் என்று பார்ப்பார்கள். ஆஞ்சியோபிளாஸ்டி என்பது சிகிச்சை. அதே வழியில் பலூனைக் கொண்டுபோய்ச் சுருக்கத்தை விரித்து, மறுபடி மூடாமலிருக்க ஸ்டென்ட் என்ற கம்பிவலைச் சுருளை வைப்பார்கள். உங்கள் தாளில் எது எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

“ஸ்டென்ட்டும் பைபாஸும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன? ஒன்று சின்ன ஓட்டை, இன்னொன்று பெரிய வெட்டு, அவ்வளவுதானே?”

பித்தப்பைக் கல்லுக்கு அந்தக் கணக்குச் சரி. வயிற்றைக் கீறி எடுத்தாலும், நான்கு சிறு துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் எடுத்தாலும் வெளியே வருவது அதே பித்தப்பைதான். வேலை ஒன்று, வாசல் வேறு. அங்கே சின்ன வாசலையே கேளுங்கள்.

இதயத்தில் வாசல் மட்டுமல்ல, வேலையே வேறு. எங்கள் பக்கத்து ஊர் மார்த்தாண்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பில் நெரிசல். அந்த இடத்தில் மட்டும் கடைகளை ஒதுக்கிச் சாலையை அகலப்படுத்தினால் அது ஸ்டென்ட். பம்மத்திலிருந்து வெட்டுவெந்நி வரை மேலே பாலம் போட்டால் அது பைபாஸ். அகலப்படுத்திய இடத்துக்குப் பத்தடி தள்ளி நாளை புது நெரிசல் வந்தால், அகலப்படுத்தியது பயன்படாது. பாலத்தில் போகிறவனுக்கோ கீழே எத்தனை இடத்தில் நெரிசல் வந்தாலும் கவலையில்லை. குழாய் நெடுகச் சுருக்கம் உள்ளவர்களுக்கு பைபாஸ் நீண்டகாலம் கைகொடுப்பதற்குக் காரணம் இதுதான். பாலத்திலும் ஓட்டை விழும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

“சரி, எதுதான் நல்லது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.”

ஒரே வார்த்தையில் சொல்கிறவரிடம் போகாதீர்கள். அடைப்பு எந்தக் குழாயில், எத்தனை இடத்தில், சர்க்கரை உண்டா, இதயத்தின் பம்பு வலிமை எவ்வளவு, சிறுநீரகம் எப்படி, வயது என்ன என்பதெல்லாம் சேர்ந்துதான் பதில்.

ஒன்றிரண்டு குழாயில் எளிதான அடைப்பு என்றால் ஸ்டென்ட் போதும் என்பதில் பெரிய சண்டை இல்லை. இடப்பக்கத் தாய்க்குழாயில் (அறிக்கையில் ‘லெஃப்ட் மெயின்’ என்றிருக்கும்) அல்லது மூன்று குழாய்களிலும் அடைப்பு என்றால்தான் வாதம் தொடங்குகிறது. அப்படிப்பட்ட 1,800 பேரைச் சேர்த்துப் பார்த்த சின்டாக்ஸ் ஆய்வின் முதல் முடிவு 2009இல் வந்தது. அதிலிருந்து ‘சின்டாக்ஸ் ஸ்கோர்’ என்ற மதிப்பெண்ணே புழக்கத்துக்கு வந்தது. அடைப்பு எவ்வளவு சிக்கலோ அவ்வளவு மதிப்பெண். 22 வரை குறைவு, 33உம் அதற்கு மேலும் அதிகம். அதிகமானால் பைபாஸ் பக்கம் தராசு சாயும். உங்கள் ஸ்கோர் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரை நான் இன்னும் பார்த்ததில்லை. முகத்தை நிமிர்த்திப் பார்ப்பார், அவ்வளவுதான்.

“எனக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. மூன்று பிளாக். மூன்று ஸ்டென்ட் வைத்தால் தீர்ந்ததுதானே?”

எங்கள் கடையில் மிக அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். சர்க்கரை உள்ளவர்களின் ரத்தக்குழாய் ஓரிடத்தில் மட்டும் கெடுவதில்லை. நீளமாக, பல இடங்களில், மெல்லிய நுனி வரை கெடுகிறது. மேலே சொன்ன பத்தடி தள்ளி வரும் நெரிசல் இவர்களுக்குத்தான் அதிகம்.

இதற்கென்றே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு, சர்க்கரையும் பல குழாய் அடைப்பும் உள்ள 1,900 பேரைப் பார்த்தது. ஐந்து ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் ஸ்டென்ட் பக்கத்தில் நூற்றுக்கு 26.6, பைபாஸ் பக்கத்தில் 18.7. அதே ஆய்வில் பக்கவாதத்தை மட்டும் தனியே எடுத்தால் கணக்கு புரளுகிறது: பைபாஸ் பக்கம் 5.2, ஸ்டென்ட் பக்கம் 2.4. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறவர் விற்கிறார் என்று பொருள்.

என் அண்ணனுக்கு அன்று இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். “நெஞ்சைத் திறக்க விடமாட்டேன்” என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு கேட்டார். ஆறாம் ஆண்டு, வைத்த ஸ்டென்ட் இரண்டும் நன்றாகத் திறந்தே இருக்க, வேறு மூன்று இடங்களில் அடைப்பு. ஸ்டென்ட் தோற்கவில்லை. நோய்தான் அதைச் சுற்றிப் போய்விட்டது.

“பைபாஸ் என்றால் உண்மையில் என்ன செய்வார்கள்? நெஞ்சைப் பிளப்பார்களாமே?”

ஆமாம், நடு மார்பெலும்பை நெடுக அறுத்துத் திறப்பார்கள். காலிலிருந்து எடுத்த சிரை, மார்பின் உட்சுவரில் ஓடும் தமனி, சில நேரம் கையிலிருந்து எடுத்த தமனி ஆகியவற்றை அடைப்புக்கு அப்பால் கொண்டுபோய்த் தைப்பார்கள். இதயத்தை நிறுத்தி இயந்திரத்தை ஓடவிட்டும் செய்யலாம், துடிக்கும் இதயத்தின்மேலேயே தைக்கலாம். நம் நாட்டில் இரண்டாவது முறை மிகவும் பரவலானது. பிறகு எலும்பைத் துருப்பிடிக்காத கம்பியால் கட்டுவார்கள். அந்தக் கம்பி உயிருள்ளவரை உள்ளேயே இருக்கும். எக்ஸ்ரேயில் முடிச்சு முடிச்சாகத் தெரியும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

காலிலிருந்து சிரை வைத்துத் தைக்கும் பைபாஸ் 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ கையில் நிலைபெற்றது. இந்தியாவில் முதல் பைபாஸ் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் கே.எம். செரியன், நமக்குப் பக்கத்து மாநிலத்துக் காயங்குளத்துக்காரர். ஆக, ஐம்பது ஆண்டுப் பழக்கமுள்ள கை. திட்டமிட்டுச் செய்யும்போது, இதயம் ஓரளவு வலுவாக இருந்தால், உயிராபத்து நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று. ஸ்டென்ட்டில் அதைவிடக் குறைவு.

பாலத்து ஓட்டைக்கு வருகிறேன். மார்புத் தமனி பத்து ஆண்டு கழித்தும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். கால்சிரை அப்படியல்ல, பத்து ஆண்டில் ஏறத்தாழ பாதி அடைத்துவிடும். இப்படித் தைக்கும் குழாயை ஒட்டு என்பார்கள். எத்தனை ஒட்டு என்பதைவிட, எத்தனை தமனி ஒட்டு என்று கேளுங்கள்.

“மாரடைப்பு வந்துகொண்டிருக்கிறபோதும் இப்படி யோசித்துக்கொண்டு இருக்கலாமா?”

கூடவே கூடாது. மேலே சொன்னதெல்லாம் நிதானமான நேரத்துக்கு. குழாய் முழுதாக அடைத்து இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும்போது, அந்த ஒரு குழாயை உடனே திறப்பதுதான் சிகிச்சை. அதற்கு ஆஞ்சியோபிளாஸ்டிதான் சிறந்த வழி. மருத்துவமனை வாசலை மிதித்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் பலூன் விரிய வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. அந்த வசதிக்குப் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் ஆகுமென்றால், ஈ.சி.ஜி. எடுத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடக்கூடிய பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி போட்டுக்கொண்டு பிறகு அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தெரிந்த டாக்டர் இருக்கிறார் என்று திருவனந்தபுரம் போகும் வழியில் பாலராமபுரம் நெரிசலில் நோயாளியோடு நிற்காதீர்கள்.

ஒரு நாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பனிக்காலம். ஆனால் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. “கேஸ் மாத்திரை ஒன்று கொடு பிள்ளை, தாடை வரை இழுக்கிறது” என்றார். மாத்திரை கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து 108ஐ அழைத்தேன். என்மேல் கடும் கோபத்தோடுதான் வண்டியில் ஏறினார்.

“எனக்கு வலியே பெரிதாக இல்லை. ஆனால் 70 சதவீதம் பிளாக், நாளைக்கே ஸ்டென்ட் என்கிறார்கள். உயிருக்கு ஆபத்தா?”

மாரடைப்பு இல்லை, ஓய்வில் வலி இல்லை, மேடு ஏறினால் மட்டும் நெஞ்சு பிடிக்கிறது என்றால் ‘நாளைக்கே’ என்ற சொல்லைச் சந்தேகப்படுங்கள். 2007இல் வந்த கரேஜ் ஆய்வும், 5,179 பேரை வைத்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் ஒன்றையே சொல்கின்றன. இப்படிப்பட்ட நிலையான நோயில், நல்ல மருந்துச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ கூடுதலாகச் செய்வதால் ஆய்வுக்காலத்தில் மரணம் குறையவில்லை. வலி குறைந்தது. அதுவும் பெரிய லாபம்தான், ஆனால் உயிர் காப்பது வேறு, வலி தீர்ப்பது வேறு.

இது எல்லோருக்கும் பொருந்தாது. தாய்க்குழாய் அடைப்பு உள்ளவர்களையும் இதயம் மிகவும் பலவீனமானவர்களையும் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கவில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு ஸ்டென்ட் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடாதீர்கள். “மருந்தோடு மூன்று மாதம் பார்த்தால் என்ன நஷ்டம்?” என்று கேளுங்கள். வலி திடீரென்று அடிக்கடி வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ முந்தைய கேள்விக்கான பதில்தான் இதற்கும்.

“ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் நன்றாக இருக்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா?”

கூடாது. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தால், நிலையான நோய்க்கு வழக்கமாக ஆறு மாதமும், மாரடைப்புக்குப் பிறகு ஓராண்டும் இரண்டு மாத்திரை சேர்த்துச் சாப்பிட வேண்டும். ஒன்று ஆஸ்பிரின், மற்றது குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் போன்றது. அதன்பின் ஒன்று மட்டும் தொடரும். ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு டாக்டர் காலத்தைக் குறைப்பதும் உண்டு. அது அவர் முடிவு.

பல் பிடுங்கப் போகிறேன் என்று நான்காம் மாதத்தில் இரண்டையும் தானாக நிறுத்திய ஒருவர், ஒரு வாரத்தில் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி படுத்தார். பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தவே வேண்டியதில்லை. ஸ்டென்ட் வைத்திருப்பதைப் பல் டாக்டரிடம் சொன்னால் போதும். இன்னொரு விஷயம்: மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட முடியாது என்று உங்களுக்கே தெரிந்தால், அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எந்தச் சிகிச்சை என்று தீர்மானிப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

“எது செலவு? அரசு அட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லுமா?”

ஒரு ஸ்டென்ட் என்றால் அது மலிவு. மூன்று நான்கு என்றால் பைபாஸின் செலவை எட்டிப் பிடித்துவிடும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. அதற்கு முன் ஒரு லட்சத்துக்குமேல் விற்றது. பிறகு விலை பலமுறை மாறியிருக்கிறது. பில்லில் ஸ்டென்ட்டின் பெயரும் விலையும் தனியாக வர வேண்டும், ஸ்டென்ட் பெட்டியின் ஒட்டுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான் செல்லும். கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டும் முன்னால், போகப்போகும் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அட்டை எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். படுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

“என் மகளுக்கு வால்வு சுருக்கம். வயது இருபத்தாறு. ஆபரேஷன் வேண்டாம், பலூன் போதும் என்கிறார்கள். பணம் மிச்சம் என்பதற்காகச் சொல்கிறார்களா?”

இல்லை சித்தி, இங்கே சின்ன வாசல்தான் சிறந்த வாசல். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால், இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வின் இதழ்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தொடைச் சிரை வழியாகப் பலூனைக் கொண்டுபோய் விரித்தால் ஒட்டிய இடம் பிரிந்துகொள்ளும். இதழ்கள் மென்மையாக, சுண்ணாம்பு படியாமல் இருக்க வேண்டும். பெரிய கசிவு இருக்கக் கூடாது, இடது மேலறையில் ரத்தக்கட்டி இருக்கக் கூடாது. அதைப் பார்க்கத்தான், வாய்வழியாகக் குழாய் விட்டு ஸ்கேன் செய்யும் வாய்வழி எக்கோ எடுப்பார்கள்.

செயற்கை உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுதும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்க அடிக்கடி ஐ.என்.ஆர். சோதனை. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அந்த மாத்திரை பெரிய தொல்லை, கருவைப் பாதிக்கும். எனவே பலூனால் பத்துப் பதினைந்து ஆண்டு கிடைத்தாலும் அது பொன்னான காலம். ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வராமலிருக்கப் போடும் பென்சிலின் ஊசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின்னாளில் வால்வு மாற்ற வேண்டி வந்தாலும் பயமில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் உருவான சித்ரா வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். வெளிநாட்டு வால்வைவிட விலை குறைவு.

“அப்பாவுக்கு எண்பத்திரண்டு. தொடை வழியாகவே வால்வு வைக்கலாம் என்கிறார்களே, அது நம்பகமானதா?”

நம்பகமானதுதான். டாவி என்பார்கள். 2002 ஏப்ரலில் பிரான்ஸ் நாட்டு ரூவான் நகரில் அலன் கிரிபியே முதலில் செய்தார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலான பெருந்தமனி வால்வு சுருங்கியவர்களுக்கு இது. 2020ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதலின்படி 65 வயதுக்குக் கீழ் என்றால் அறுவை, 80க்கு மேல் என்றால் இது, இடைப்பட்டவர்கள் பேசி முடிவெடுக்க வேண்டும். பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு அறுவையைவிட இதில் சற்று அதிகம். வால்வின் விலையே பல லட்சம் என்பதுதான் நம் வீடுகளில் முட்டிக்கொள்ளும் இடம்.

“வெட்டும் வேண்டாம், ஸ்டென்ட்டும் வேண்டாம், காலில் பட்டை கட்டி அழுத்தினால் அடைப்பு கரையும் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். அரிஷ்டமும் உண்டாம்.”

அந்தப் பட்டை முறைக்கு ஈ.ஈ.சி.பி. என்று பெயர். தினம் ஒரு மணி நேரம், மொத்தம் 35 நாள். ஸ்டென்ட்டும் பைபாஸும் செய்ய வழியில்லாமல் வலியோடு இருப்பவர்களுக்கு அது வலியைக் குறைக்கலாம். அடைப்பைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ‘இயற்கை பைபாஸ்’ என்று அச்சடித்த நோட்டீஸை என் கடையில் வைக்கச் சொல்லி ஒருவர் வந்தார். பெட்டிக்கடையில் கொடுங்கள், பொட்டலம் மடிக்க உதவும் என்றேன்.

அரிஷ்டம், கஷாயம் சாப்பிடுகிறவர்களைத் திட்ட மாட்டேன், நானும் இருமலுக்கு ஆடாதோடை குடிப்பவன்தான். ஆனால் அதற்காக ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். என்ன குடிக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில மூலிகைகள் அந்த மாத்திரையின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

“ஒரு டாக்டர் ஸ்டென்ட் என்கிறார், இன்னொருவர் பைபாஸ் என்கிறார். யாரை நம்புவது?”

குழாய் வழியாகச் செய்பவரும் நெஞ்சைத் திறப்பவரும் வேறு வேறு டாக்டர்கள். தச்சனிடம் போனால் மரக்கதவு, கொல்லனிடம் போனால் இரும்புக்கதவு. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து உங்கள் படத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பல குழாய் அடைப்புக்கு அப்படித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று உலக வழிகாட்டுதல்களே சொல்கின்றன.

ஆஞ்சியோகிராம் சி.டி.யைக் கட்டாயம் வாங்குங்கள். அண்ணனுக்குச் செய்த இடத்தில் சி.டி. தரவே பதினொரு நாள் இழுத்தடித்தார்கள். அறிக்கைத் தாளை மட்டும் வைத்து இரண்டாம் கருத்துச் சொல்ல எந்த நல்ல டாக்டரும் தயங்குவார். நோயாளி மேசைமேல் கிடக்க, ஆஞ்சியோகிராம் குழாய் உள்ளேயே இருக்கும்போது, “இப்போதே வைத்துவிடலாமா?” என்று வெளியே வந்து கையெழுத்துக் கேட்டால், மாரடைப்பு இல்லாதவர்கள் “ஒரு நாள் பேசிவிட்டுச் சொல்கிறோம்” என்று சொல்லலாம். சொல்வதற்கு உரிமை உண்டு.

“பைபாஸ் ஆகி ஒன்றரை மாதம். ரப்பர் வெட்டப் போகலாமா சாரே?”

ஸ்டென்ட் என்றால் ஒரு வாரத்தில் இலகுவான வேலைக்குப் போகலாம். பைபாஸில் மார்பெலும்பு கூடுவதற்கே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை இரு சக்கர வண்டி வேண்டாம், தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம், பக்கவாட்டில் கையூன்றி எழ வேண்டாம். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். சிரை எடுத்த கால் சில மாதம் வீங்கும், உட்காரும்போது உயர்த்தி வையுங்கள். கத்தியை அழுத்தி இழுப்பதும் பால் வாளி தூக்குவதும் மூன்று மாதம் கழித்து, அதுவும் பரிசோதனைக்குப் பிறகு.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மூன்று மாதம் பொறுத்தார். முதல் நாள் முப்பது மரம் மட்டும் வெட்டினார், மனைவி பின்னாலேயே வாளி தூக்கிக்கொண்டு நடந்தார். அன்று பத்து மணிக்குக் கடைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டினார். விரல் முழுதும் ரப்பர் பால் காய்ந்திருந்தது.